ஜப்பானில் முதல் வாய்க்கு எது? சுஷி, ராமென், ஒகோனோமியாகி, நாத்தோ

ஊரிலிருந்து யார் ஒசாகாவுக்கு வந்தாலும், முதல் நாள் சாயங்காலம் எங்கே கூட்டிப்போவது என்பதுதான் எனக்குப் பெரிய யோசனை. வருகிறவர்கள் எல்லாருமே சுஷி, சுஷி என்றுதான் விமானத்தை விட்டு இறங்குகிறார்கள். நாலைந்து தடவை அப்படியே கூட்டிப்போயும் பார்த்தேன், இப்போது மாற்றிவிட்டேன். முதலில் முட்டைக்கோஸ் அடை மாதிரியான ஒகோனோமியாகி, மறுநாள் வினிகர் சோற்றின் மேல் மீன் வைத்துத் தரும் சுஷி, நூடுல்ஸ் சூப்பான ராமென் ஆளைப் பார்த்து, புளிக்கவைத்த சோயாவான நாத்தோ கடைசியில், அதுவும் வீட்டில் வைத்து.

எல்லாரும் பயப்படுவது பச்சை மீனுக்கு. நான் பார்த்தவரை ஆளைத் தடுமாற வைப்பது அது இல்லை. மிளகாய்க் காரம் இல்லை, புளி இல்லை, தாளிப்பு வாசனை இல்லை, எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி என்ற தெளிவான சாறு ஒன்று ஓடுகிறது. கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனையும் வெந்நீரில் போட்டு இறக்குவது. கொம்பில் இருக்கும் அந்தச் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908-ல் கண்டுபிடித்த ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். நம் நாக்குக்கு அது தெரியாத சுவை ஒன்றும் இல்லை, ஆனால் நாம் அதை மசாலாவுக்குள்ளே வைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறோம். மசாலா இல்லாமல் தனியாக வந்து நின்றால் "சப்பென்று இருக்கிறதே" என்று தோன்றும். முதல் நாளே அந்த ஏமாற்றம் வந்துவிட்டால் அப்புறம் பயணம் முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

ஒகோனோமியாகி அந்த ஏமாற்றத்தைத் தராது. கோதுமை மாவு, முட்டை, கைநிறைய நறுக்கிய முட்டைக்கோஸ், மேலே பன்றி இறைச்சியோ கணவாயோ இறாலோ, பல கடைகளில் உங்கள் மேசையிலேயே பதித்திருக்கும் இரும்புக் கல்லில் சுட்டுத் தருவார்கள். நமக்குத் தோசைக்கல் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அந்த சத்தமும் வாசனையுமே பாதி பயத்தைப் போக்கிவிடும். மேலே தடவும் சாஸ் இனிப்பும் புளிப்புமாகக் கெட்டியாக இருக்கும். ஹிரோஷிமாவின் ஒதாஃபுகு சாஸில் பேரீச்சம்பழம் சேர்க்கிறார்கள், நம் பேரீச்சம்பழச் சட்னி சாப்பிட்ட வாய்க்கு அது அந்நியமே இல்லை. கடைசியாகத் தூவும் மெல்லிய சீவல்கள் சூட்டில் உயிரோடு இருப்பது போல நெளியும், அதுதான் கட்சுவோபுஷி. அதைப் பார்த்துச் சிலர் கையைப் பின்னுக்கு இழுப்பதுண்டு. தூத்துக்குடிக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மாசிக்கருவாடு. மீனும் அதே சூரைதான். அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் காய வைக்கும் வேலையும் ஏறக்குறைய அதேதான். சம்பலில் மாசி இடித்துப் போட்டவர்கள் இதைத் தயங்காமல் சாப்பிடுவார்கள்.

ஒசாகா முறையில் எல்லாவற்றையும் கலந்து ஊற்றுவார்கள், ஹிரோஷிமாவில் மாவை மெல்லிசாக விரித்து முட்டைக்கோஸ், இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்குவார்கள். எது உசத்தி என்று இரண்டு ஊர்க்காரர்களும் விடாமல் வாதாடுவார்கள். முதல் தடவைக்கு ஒசாகா முறையே போதும், ஹிரோஷிமா அடுக்கு வயிற்றை அடைத்துவிடும்.

சுஷியை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் அது குறைவு என்பதல்ல. நிதானமாகச் சாப்பிட வேண்டிய சாப்பாடு அது, பதற்றத்தோடு உட்கார்ந்தால் ருசி தெரியாது. சுழலும் பட்டை வைத்த கடைதான் புதியவர்களுக்குச் சரி. 1958-ல் இங்கே பக்கத்திலேயே ஹிகாஷி-ஒசாகாவில்தான் முதல் கடை திறந்தது. தட்டைப் பார்த்து எடுக்கலாம், பிடிக்காவிட்டால் இழப்பு இரண்டே துண்டு. வேகவைத்த இறால், இனிப்பான முட்டைத் துண்டு, சுட்ட விலாங்கு என்று வெந்ததில் தொடங்குங்கள், அடுத்ததாக சால்மன். சால்மனைப் பச்சையாகத் தின்னும் வழக்கம் ஜப்பானியர்களுக்கே முன்பு கிடையாது, ஒட்டுண்ணி பயத்தால் சமைத்தே சாப்பிட்டார்கள். 1980-களின் நடுவில் நார்வே தன் வளர்ப்பு சால்மனை விற்க இங்கே பெரிய முயற்சி எடுத்த பிறகுதான் அது சுஷியில் ஏறியது. இந்த ஊர்க்காரர்களே நாற்பது வருஷத்துக்குள் பழகியதுதான் என்று தெரிந்தால் கூட வருகிறவர்களுக்கு ஒரு தைரியம் வருகிறது. மூக்கில் ஏறும் பச்சை விழுதான வசாபி வேண்டாமென்றால் "சாபி நுகி" என்று சொல்லுங்கள். சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் உதிர்ந்துவிடும். மேசையில் இருக்கும் குழாய் டீக்கான கொதிநீர், கை கழுவ நீட்டிவிடாதீர்கள். குழந்தைகளோடு போனால் இதை உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும்.

ராமெனில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். ஃபுகுவோகா பக்கத்து தோன்கோட்சு என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பால் போல் வெளுத்த சாறு. கடை வாசலிலேயே அந்த வாடை அடிக்கும். ஆட்டுக்கால் பாயாவை விரும்பிக் குடிப்பவர்கள் முதல் கரண்டியிலேயே சேர்ந்துகொள்வார்கள், எலும்புச் சாறு பழக்கமில்லாதவர்கள் பாதிக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஷோயு ராமென், அதாவது சோயா சாஸ் சேர்த்த தெளிவான சாறு, நல்லது. ஷோயுவிலும் பெரும்பாலும் பன்றியும் கோழியும் இருக்கும், பன்றி சாப்பிடாதவர்கள் ராமெனை விட்டுவிடுவதே நிம்மதி. சாறு உப்பாகத்தான் இருக்கும், முழுதும் குடித்தாக வேண்டும் என்பதில்லை. உறிஞ்சும் சத்தத்துக்கும் கூச்சப்பட வேண்டாம், இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, சூடும் ஆறும்.

நாத்தோவை விடுதிக் காலைச் சாப்பாட்டில் முதன்முதலாகச் சந்திப்பதுதான் பெரிய தவறு. வேகவைத்த சோயாவில் ஒரு பாக்டீரியாவைச் சேர்த்து, 40 டிகிரி அளவு சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்தால் அது நூல் நூலாக இழுக்கும். தூக்கக் கலக்கத்தில், ஆறின சோற்றோடு, வெறுமனே வாயில் வைத்தால் யாருக்கும் பிடிக்காது. கிழக்கே இபாராகி மாகாணத்தில் இருக்கும் மிதோ நாத்தோவுக்குப் பேர்போன ஊர், ஒசாகா பக்கம் இதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது, ஆக இங்கேயே பலர் தொடமாட்டார்கள். நான் செய்வது இதுதான்: ஹிகிவாரி என்று எழுதிய, உடைத்த பருப்பு டப்பாவாக வாங்குவேன், அது வாயில் அவ்வளவு உறுத்தாது. கூடவே வரும் கடுகு விழுதையும் சாஸையும் விட்டு நன்றாகக் கலக்கி, வேகவைத்து வட்டமாக நறுக்கிய வெண்டைக்காயைச் சேர்த்து, ஆவி பறக்கும் சோற்றின் மேல் போடுவேன். ஜப்பானியர்களும் வெண்டைக்காயை ஒகுரா என்று சொல்லி நாத்தோவோடு சாப்பிடுகிறார்கள். வழவழப்புக்கு ஏற்கெனவே பழகிய நமக்கு அதுதான் சரியான வாசல். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் நாத்தோவைத் தொடவே கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

சைவக்காரர்களுக்கு மேலே சொன்ன வரிசை உதவாது. கட்சுவோபுஷி தூவாதீர்கள் என்று கேட்கலாம், ஆனால் ஒகோனோமியாகி மாவிலேயே தாஷி கலந்திருக்கும், புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும் நாத்தோவோடு வரும் சாஸிலும் அதே கதை. கறி இல்லை என்று கடைக்காரர் மனதாரச் சொல்வது மீன் சாற்றைக் கணக்கில் சேர்க்காமல்தான். அவர்களை நான் கோயாசான் மலைக்கு அனுப்புகிறேன். நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் போகலாம். அங்குள்ள பௌத்தக் கோயில்களில் ஷோஜின் ரியோரி என்ற சைவச் சாப்பாட்டைக் கொம்பும் ஷீதாகே காளானும் போட்டு எடுத்த சாற்றில் சமைக்கிறார்கள், வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. இரவு தங்க முன்பதிவு செய்யும்போதே சாப்பாட்டையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.