பாரா, வீடா? பெரிய மேட்சை எங்கே பார்ப்பது

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினால் எங்கள் நண்பர் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். பாருக்குப் போகலாம் என்று ஒரு கட்சி, யார் வீட்டிலாவது கூடலாம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்தவன். எந்த மேட்ச் என்பதைப் பொறுத்துக் கட்சி மாறுவேன்.

ஆட்டம் மட்டும்தான் முக்கியம் என்றால் வீடுதான், அதில் சந்தேகமே வேண்டாம். பாரில் திரை பெரிதாக இருக்கும். ஆனால் அதற்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தூணோ, உயரமான ஒரு ஆளோ கட்டாயம் உண்டு. வர்ணனையும் காதில் விழாது. 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை) வந்த பிறகு இது பெரிய தொல்லை. நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார், ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஆஃப்சைடா, கையில் பட்டதா? வர்ணனையாளர் சொல்லிக்கொண்டுதான் இருப்பார், இரைச்சலில் எதுவும் கேட்காது. உடனே பக்கத்து மேஜைக்காரர் நடுவராகிவிடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார். அதுவும் ஒரு சுவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு: ஸ்ட்ரீமிங் தாமதம். இணையம் வழியாக வரும் படம், கேபிளில் வருவதைவிடப் பல நொடிகள் பின்தங்கலாம், சில நேரம் அரை நிமிடம்கூட. ஒருமுறை நண்பர் வீட்டில் பெனால்டி ஷூட் அவுட் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் திரையில் ஆள் இன்னும் பந்தை வைக்கவே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அப்புறம் அந்த உதையை எதற்குப் பார்ப்பது? பாரிலும் இரண்டு திரைகளுக்கு நடுவே இரண்டு மூன்று நொடி வித்தியாசம் இருக்கலாம். ஒரு மூலை முதலில் கத்தும், அடுத்த மூலை பின்னாலேயே கத்தும். போய் உட்காரும்போதே எந்தத் திரை முந்துகிறது என்று கவனித்து அதன் பக்கம் இடம் பிடியுங்கள்.

வீடு கிட்டவே வர முடியாத ஒரு விஷயம், குரூப் சுற்றின் கடைசி நாள், அதாவது நான்கு நான்கு அணிகளாகப் பிரிந்து ஆடும் முதல் சுற்று முடியும் நாள். 1982இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், மேற்கு ஜெர்மனி 1-0 என்று வென்றால் இருவருக்குமே அடுத்த சுற்று என்று தெரிந்துகொண்டு சும்மா பந்தை உருட்டின. அதே குரூப்பில் தன் ஆட்டங்களை முன்பே முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே போனது. அதனால்தான் 1986 முதல் ஒரு குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதாவது, இரண்டு திரை வேண்டும். 2022 டிசம்பர் 1 அன்று ஒரு திரையில் ஸ்பெயினை ஜப்பான் முந்திக்கொண்டிருந்தது, இன்னொன்றில் 70ஆவது நிமிடத்தில் ஜெர்மனியைக் கோஸ்டா ரிகா முந்தியது. மூன்று நிமிடத்துக்கு ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே வெளியே! அந்த மூன்று நிமிடமும் பாரில் எல்லோர் கழுத்தும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் கைபேசியில் ஸ்கோர் தேடுவது அதற்கு ஈடாகுமா?

இறுதிப் போட்டிக்கும் பார்தான். அதே டிசம்பர் 18, அர்ஜென்டினா 2-0. 79ஆவது நிமிடத்தில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் பில் கேட்டுக் கையைத் தூக்கினார். அடுத்த நிமிடமே பிரான்சுக்குப் பெனால்டி, எம்பாப்பே கோல். இரண்டு நிமிடத்துக்குள் அவரே இன்னொன்று. தூக்கிய கை தலைக்குப் போய்விட்டது. கூடுதல் நேரம் 3-3 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றபோது, யாரென்றே தெரியாத அவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பில் அதற்கப்புறம்தான் வந்தது.

ஆனால் உங்கள் சொந்த அணி ஆடுகிறது என்றால் வீட்டிலேயே இருங்கள். ஊரே நேர்மாறாகச் சொல்லும், தெரியும். 2014 அரையிறுதியில் பிரேசில் 1-7 என்று ஜெர்மனியிடம் உதை வாங்கியதை, பிரேசிலுக்காக உயிரை விடும் நண்பனோடு பார்த்தேன். 29 நிமிடத்தில் ஐந்து கோல். அவன் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை. பாரில் அவனுக்கு அந்த வசதி கிடைத்திருக்காது. எதிர் மேஜையின் கொண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

திறந்தவெளிப் பெருந்திரை என்று மூன்றாவது வழியும் உண்டு. கூட்டத்தோடு பாட ஏற்ற இடம், ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அல்ல. மழை வந்தால் அதுவும் போச்சு.

சரி, பார் என்று முடிவானால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இடைவேளை 15 நிமிடம்தான், கழிப்பறை வரிசைக்கே அது போதாது. 43ஆவது நிமிடத்தில் எழுந்து போவது புத்திசாலித்தனம், அந்த நேரம் பார்த்துத்தான் கோல் விழும் என்றாலும். நாக் அவுட் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். முதல் பாதியிலேயே வேகமாகக் குடித்தவருக்கு ஷூட் அவுட் நினைவில் இருக்காது. குடித்தவர் வண்டியைத் தொடவே கூடாது.

அடுத்த உலகக் கோப்பையின் குரூப் கடைசி நாளுக்கு எங்கள் கூட்டம் இப்போதே பார் என்று முடிவெடுத்துவிட்டது. தூணுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி, தாமதமாக வருபவனுக்கு.