அம்மாவுக்கு வாங்கிய சத்துப் பவுடர்: நான்கு மாதக் கணக்கு

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை ஆவணியில் கும்பகோணத்துக்கு அழைத்து வந்தேன். வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து கொண்டையை முடியக் கையைத் தூக்கினார். வளையல் சரேலென்று முழங்கை வரை இறங்கியது. மறுநாள் எடை பார்த்தால் 38.2 கிலோ. உயரம் 152 செ.மீ. இரண்டு வருடத்துக்கு முன் 46 கிலோ இருந்தவர்.

எங்கள் வீட்டில் யாரும் பீடி, சுருட்டு தொட்டதில்லை. அம்மா 40 வருடம் வறட்டியும் தென்னை மட்டையும் வைத்து அடுப்பெரித்தவர், கொல்லையில் அண்டா வைத்து நெல் அவித்தவர். டாக்டர் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருந்தது: மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இரைக்கிற நுரையீரல் நோய், அடுப்புப் புகையாலும் வரும். "அது பீடி குடிக்கிறவங்களுக்குல்ல வரும்?" என்று கேட்டுவிட்டு முகம் சுண்டிப் போய் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நோய் என்றால் செங்கிப்பட்டி காசநோய் ஆஸ்பத்திரி என்று பழகிய தலைமுறை. இது ஒட்டுகிற நோய் இல்லை, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் படுக்கலாம் என்று புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

இந்த நோயில் ஏன் இப்படி இளைக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் தெரியாது. மூச்சு விடுவதே இவர்களுக்கு ஒரு வேலை. நாம் நினைக்காமலே செய்கிற காரியத்துக்கு அம்மாவின் கழுத்தும் விலாவும் நாள் முழுக்க உழைக்கின்றன. அந்த உழைப்புக்குச் சாப்பாடு கூடுதலாக வேண்டும். சாப்பிட உட்கார்ந்தாலோ இரைக்கிறது. நாலு கவளத்தில் "போதும்டி" என்று தட்டைத் தள்ளிவிடுவார். உள்ளே போவது குறையக் குறைய உடம்பு தன் சதையையே எடுத்துச் செலவு செய்கிறது. மூச்சு இழுக்கிற தசையும் அதில் சேர்த்தி.

சரி, பவுடருக்கு வருகிறேன். தஞ்சாவூரில் காட்டிய மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது. பெரியவர்களுக்கான சத்துப் பவுடர், வெனிலா வாசனை, 400 கிராம் டப்பா 760 ரூபாய். பெயரை நான் இங்கே போடவில்லை. மருந்துக் கடையில் கேட்டால் இந்த வகையில் மூன்று நான்கு எடுத்து வைப்பார்கள், உள்ளே இருப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 6 கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் ஏறக்குறைய 230 கலோரி, 8.5 கிராம் புரதம். டப்பா ஏழு டம்ளருக்கு வரும். அதாவது டம்ளர் 100 ரூபாய்க்கு மேல். இதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நூறு ரூபாய்க்கு பதினஞ்சு முட்டை வாங்கலாமேடி" என்றார். பதினைந்து முட்டையில் 90 கிராம் புரதம். கணக்கில் அவரை ஜெயிக்க முடியாது.

முதல் நாள் நான் செய்ததைச் சொன்னால் நீங்களாவது தப்பிப்பீர்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு முழு டம்ளரைக் கலக்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று குடிக்கவைத்தேன். வயிறு பம்மென்று ஊதிக்கொண்டது. நிறைந்த வயிறு மேலே முட்டினால் நுரையீரல் விரிய இடமில்லை. அன்று ராத்திரி பதினொரு மணி வரை தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரண்டு தரம் வயிற்றாலும் போனது. டப்பாவைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். மட்டமான சரக்கு என்றே நினைத்தேன்.

அடுத்த தடவை போனபோது அங்கிருந்த உணவு ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். சின்னப் பெண், இந்தப் பக்கத்துப் பேச்சு. முதல் முறை அவர்கள் கொடுத்த அச்சடித்த அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை: ஓட்ஸ், பனீர், பிராக்கோலி. அம்மா அதை மடித்து மருந்துப் பையின் அடியில் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அட்டவணையை ஓரம் தள்ளிவிட்டு, "பாட்டி, காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று ஆரம்பித்தார். ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய். இந்த நான்கு மாதத்தில் நான் கொடுத்த பணத்தில் முழுசாகப் பலன் தந்தது அதுதான்.

அவர் சொன்னது இவ்வளவுதான். பவுடர் சாப்பாட்டுக்குப் பதில் இல்லை, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில். அரை டம்ளர், அதுவும் அரை மணி நேரம் வைத்து வாய் வாயாக. காலை 11 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 4 மணிக்கு ஒன்று. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாக உடைக்க வேண்டும். குளித்த உடனே சாப்பாடு வேண்டாம், அரை மணி ஓய்வெடுத்த பிறகு. டாக்டர் எழுதிய பஃப்பை, அதாவது வாயில் வைத்து உறிஞ்சுகிற மூச்சு மருந்தை, சாப்பாட்டுக்குச் சற்று முன் வருகிற மாதிரி நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடமே கேட்கச் சொன்னார். கேட்டோம், வைத்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பக் கூடாது. கஞ்சியோ குழம்போ, எது கொடுத்தாலும் அதன் மேல் ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். அளவு கூடாமல் பலம் கூடும்.

அம்மாவின் எடைக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று நாளைக்கு 45 முதல் 57 கிராம் வரை புரதம் வேண்டும். அவர் சாப்பிட்டதை நாங்கள் அங்கேயே கூட்டிப் பார்த்தோம். பாதிகூடத் தேறவில்லை. அம்மா நாக்கை நீட்டிக் காட்டியதும் இன்னொன்று தெரிந்தது: வெள்ளையாகப் படிந்திருந்தது. ஸ்டீராய்டு கலந்த பஃப் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் இப்படிப் பூஞ்சை படியும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எது கொடுத்தாலும் மண்ணாக இருக்கிறது என்று ஒரு மாதமாகப் புலம்பியதற்கு அது பாதிக் காரணம்.

மேல் தட்டில் இருந்த டப்பா திரும்ப இறங்கியது. அரை டம்ளர் கணக்கில் வயிறு ஊதவில்லை. கலக்கும்போது மட்டும் கவனம். கொதிக்கிற தண்ணீர் விட்டால் கட்டி தட்டும், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெனிலா வாசனையை அம்மா இன்றுவரை ஏற்கவில்லை. "குழந்தை பிஸ்கட்டை ஊற வெச்ச மாதிரி" என்பார். காபியில் கலந்து பார்த்தேன், அது காபிக்குச் செய்த துரோகம்.

நடுவில் மருந்துக் கடைக்காரர், "நுரையீரல் நோய்க்குன்னே ஒண்ணு வருது அக்கா" என்று இன்னொரு டப்பாவை நீட்டினார். விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மாவுச்சத்து குறைவு, கொழுப்பு கூடுதல். மாவுச்சத்து எரியும்போது கரியமில வாயு அதிகம் வரும், கொழுப்பு எரிந்தால் குறைவு, அதனால் மூச்சுக்கு இலேசு என்பது அதன் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒன்று வாங்கினேன். நாக்கில் எண்ணெய் ஒட்டுகிறது என்று அம்மா இரண்டே நாளில் மறுத்துவிட்டார். ஆலோசகரிடம் கேட்டால் சிரித்தார். எஸ்பென் என்கிற ஐரோப்பியச் சத்துணவுச் சங்கம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, நோய் நிலையாக இருப்பவர்களுக்கு இந்தத் தனி ரகத்தால் கூடுதல் பலன் இல்லை, சாதாரணப் பவுடரையே அடிக்கடி சிறு அளவில் கொடுப்பதுதான் மேல் என்று இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. அந்த 1,100 ரூபாய் போனது போனதுதான்.

பவுடரே வீண் என்று சொல்ல வரவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மெலிந்துபோன சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கூடுதல் ஊட்டம் கொடுத்தால் எடை ஏறுவது தெரிந்தது. ஆனால் மாதம் 3,000 ரூபாய் எல்லா வீட்டிலும் எழும்பாது. எங்கள் வீட்டிலும் இரண்டாம் மாதமே முனகல் கேட்டது. அப்போது அம்மாவே ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கம் தாளடி அறுப்புக்கு முன் வயல் ஈரத்திலேயே உளுந்து தெளிப்பார்கள். அந்தக் கறுப்பு உளுந்தை வறுத்து, புழுங்கலரிசியோடு மெஷினில் அரைத்துத் தூளாக்கிக் கொண்டார். சாயங்கால வேளைக்கு அந்த மாவில் கஞ்சி, பால் விட்டு, கருப்பட்டி போட்டு, ஒரு கரண்டி நெய். காலை 11 மணிக்கு மட்டும் டப்பா. செலவு பாதியானது. கஞ்சியை அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். சில நாள் அதில் கொஞ்சம் வாயு சேர்ந்தது, பெருங்காயமும் சுக்கும் தட்டிப் போட்ட பிறகு சரியானது. கூடவே தினம் இரண்டு முட்டை, வாரத்துக்கு இரண்டு நாள் கெண்டை மீன் குழம்பு. முள் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எடைக் கணக்கில் ஒரு இடத்தில் ஏமாந்தேன். கார்த்திகையில் ஒரே வாரத்தில் 1.3 கிலோ ஏறியது. வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்தான் அம்மாவின் காலைப் பார்த்தார். கணுக்கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. அது சதை இல்லை, நீர். இந்த நோய் முற்றினால் இதயத்துக்கும் சுமை ஏறி இப்படிக் கால் வீங்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைத்தார், ஊறுகாய் நின்றது. எடை திரும்ப இறங்கியது. அதிலிருந்து தராசுக்கு முன் காலைப் பார்க்கிறேன். மார்கழிக் கடைசியில், வீக்கம் இல்லாமல், 40.4 கிலோ. பனிக்கும் போகிப் புகைக்கும் ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரவில்லை.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சாதாரண டப்பாவுக்கு மூன்றரை. அரை மார்க்கை விலைக்கும் ஒரு மார்க்கை வெனிலாவுக்கும் குறைத்திருக்கிறேன். தட்டைப் பார்த்தாலே களைத்துப் போகிறவர்களுக்கு, சமைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதத்துக்கு வாங்கலாம். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், அம்மாவுக்கு இரண்டும் இல்லை. திறந்த டப்பாவை மூன்று வாரத்துக்குள் முடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. ஐப்பசி மழையில் ஈரக் கரண்டியைப் போட்டு ஒரு டப்பாவில் கால் பங்கைப் பாறையாக்கியிருக்கிறேன்.

காலி டப்பாக்களைக் குப்பையில் போடப் போனேன், அம்மா விடவில்லை. கழுவிக் காயவைத்து ஒன்றில் உளுந்து மாவு, ஒன்றில் வெந்தயம். இன்னும் மூன்று சும்மா இருக்கின்றன. பங்குனியில் ஊரிலிருந்து வரும் புதுப் பயறுக்காம்.