மலிவு விலை ஸ்கோப்புகள் மூன்று: குறுக்கிழை தெரிவதும் கண் நிற்கும் இடமும்

ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறவர்களில் பலர் கடை வாசலில் உச்சி வெயிலில் நின்று, எதிர்ச்சாரியில் இருக்கும் பெயர்ப்பலகையின் எழுத்துகளைப் படித்துப் பார்த்து, "நல்லாத் தெரியுதுங்க" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கோவையில் என் முதல் ஸ்கோப்பை நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்த வெளிச்சத்தில் எந்தக் கண்ணாடியும் தெளிவாகத்தான் காட்டும். வெள்ளைப் பலகையின் மீது எவ்வளவு மெல்லிய கறுப்புக் கோடும் கண்ணுக்குத் தட்டுப்படும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டுபோய், தென்னை நிழலில் மாலை ஐந்தரை மணிக்குத் துப்பாக்கியைத் தோளில் வைத்தபோதுதான், குறுக்கிழையை (ஸ்கோப்புக்குள் குறிவைக்கத் தெரியும் சிலுவைக் கோட்டை)த் தேடிக்கொண்டிருப்பதையும், படம் முழுதாகத் தெரிவதற்காக ஆமைபோல் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பதையும் உணர்ந்தேன். கடைவாசல் சோதனையில் இந்த இரண்டு குறைகளும் வெளிப்பட வாய்ப்பே இல்லை.

ஒப்பிட்டவை மூன்று. முதலாவது, மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய 4×32 ஸ்கோப் (4 மடங்கு உருப்பெருக்கம், 32 மி.மீ. முன்கண்ணாடி). உருப்பெருக்கம் மாறாது, ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும் கம்பிக் குறுக்கிழை கொண்டது. இரண்டாவது, ஏழாயிரம் ரூபாயை ஒட்டிய 3-9×40. முன்கண்ணாடி வளையத்தைத் திருகித் தூரத்துக்கேற்பத் தெளிவைச் சரிசெய்யும் ஏ.ஓ. வசதியும், விளக்கெரியும் மில்-டாட் குறுக்கிழையும் (கோட்டின்மேல் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்தது) உண்டு. மூன்றாவது, பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிய 4-16×44. கண்ணாடியில் பொறித்த மெல்லிய குறுக்கிழை, முதல் குவியத் தளத்தில் அமைந்தது, பக்கத் திருகில் தெளிவைச் சரிசெய்வது. நிறுவனப் பெயர்களை விட்டுவிட்டேன். ஒரே கண்ணாடி நான்கு பெயர்களில் விற்கும் இந்த விலைப்படியில், பெயரைவிட அமைப்பை ஒப்பிடுவதே பயன் தரும்.

சுட்டதெல்லாம் 20 மீட்டரில் அட்டையையும், கயிற்றில் தொங்கவிட்ட காய்ந்த தென்னை மட்டையையும் மட்டுமே. உரிமம் தேவைப்படாத, 0.177 அங்குலத் துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள துப்பாக்கிகளைத்தான் பயன்படுத்தினோம்: ஒன்று ஸ்பிரிங் கன், இன்னொன்று காற்றடைத்த உருளையோடு வரும் பி.சி.பி. (தோட்டத்துக்குள் மயில் வந்து நாசம் செய்கிறது என்பதற்காக ஸ்கோப் கேட்பவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு இதைப் படிக்க வேண்டாம்.) 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கும் இந்த அலசல் பொருந்தாது, அங்கே உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு இடமில்லை, ஓட்டைக் குறிதான்.

கண் நிற்க வேண்டிய தூரத்தைக் கடைக்காரரின் அட்டைப்பெட்டியை நம்பி ஏற்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் வீட்டிலேயே அளந்துவிடலாம். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் வெர்னியர் அளவுகோலோடு வந்திருந்தார். ஸ்கோப்பைச் சூரியன் இல்லாத பக்கத்து வெளிர்வானத்தை நோக்கி நிறுத்தி, கண் வைக்கும் முனைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால், வெளிச்ச வட்டம் ஓரிடத்தில் மிகச் சிறியதாகவும் விளிம்பு மிகக் கூர்மையாகவும் நிற்கும். கண்ணாடிக்கும் அந்தத் தாளுக்கும் உள்ள இடைவெளிதான் ஐ ரிலீஃப். தாளில் விழுந்த வட்டத்தின் விட்டம், ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அந்த அகலம் கிடைக்க வேண்டும். 4×32 ஸ்கோப்புக்கு அது 8 மி.மீ. மச்சான் இரண்டு முறை அளந்துவிட்டு, "மாப்ள, எட்டு வரோணுமல்லோ, ஆறேகால்தான வருது? மீதி எங்க போச்சு?" என்றார்.

மீதி, குழாய்க்குள் போயிருந்தது. விலை குறைந்த ஸ்கோப்புகளில், ஓரக் கண்ணாடியின் மங்கலை மறைப்பதற்காக உள்ளே ஒரு வளையத் தடுப்பை வைத்துவிடுவது உண்டு. ஆறேகாலை நான்கால் பெருக்கினால் 25. ஆக, 32 மி.மீ. கண்ணாடிக்குக் காசு கொடுத்து 25 மி.மீ. கண்ணாடியைத்தான் வாங்கியிருந்தேன். 3-9×40 ஸ்கோப்பை 9-இல் வைத்து அளந்தபோது 4.3 மி.மீ. வந்தது, கணக்குப்படி 4.4 வர வேண்டும் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவதும் 16-இல் 2.7 மி.மீ. என்று கணக்கோடு ஒட்டியே நின்றது.

இந்த அகலம் வெளிச்சத்துக்கு மட்டும் உரியதன்று; கண்ணை வைக்கும் இடத்தில் எவ்வளவு தாராளம் இருக்கிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும் என்பதால், 6 மி.மீ. கற்றைக்குள் கண் சற்று விலகினாலும் படம் முழுதாகவே தெரியும், 2.7 மி.மீ. கற்றைக்குள் கண்ணை நிறுத்துவது ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது. மூன்றாவது ஸ்கோப்பை 16-இல் வைத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் விளிம்பில் பிறைபோல ஒரு கருநிழல் ஏறிக்கொண்டே இருந்தது. மேசையில் மணல்பை வைத்துச் சுட்டபோது அது அடங்கியது, மண்டியிட்டுச் சுட்டபோது படுத்தி எடுத்துவிட்டது. 4×32-இல் நிழலை வரவழைக்க வேண்டுமென்றே தலையை அசைக்க வேண்டியிருந்தது.

தூரத்தைப் பொறுத்தவரை, முதல் ஸ்கோப் 82 மி.மீ. காட்டியது. மூன்றாவது 4-இல் 92, 16-இல் 86. இரண்டாவதுதான் ஊசலாடியது: 3-இல் 95 மி.மீ., 9-இல் 79. உருப்பெருக்கத்தை மாற்றும்போது தலையை ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே கொண்டுபோக வேண்டும் என்பது இதன் பொருள், அதைச் செய்யும்போது கன்னம் கட்டையில் படும் இடமும் மாறிவிடுகிறது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடையே 12 முதல் 14 மி.மீ. வரை ஏற்கெனவே போய்விடும். எனக்குக் கண்ணாடி உண்டு. 9-இல் எனக்கு மிஞ்சியது ஆறரை சென்டிமீட்டர். ஏர் ரைஃபிளில் அது ஆபத்தில்லை. பெரிய தோட்டாத் துப்பாக்கியில் அதே தூரம் புருவத்தில் வெட்டுக்காயம் வாங்கித்தரும்.

ஸ்கோப்பைப் பூட்டும் இடத்தை முடிவுசெய்ய எளிய வழி, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை இயல்பாகத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறப்பது. திறந்தவுடன் நிழல் இல்லாத முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பைத்தான் நகர்த்த வேண்டுமே தவிர, கழுத்தை அன்று. உட்கார்ந்தும் படுத்தும் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் படுத்துச் சுடும்போது தலை தானாகவே முன்னே போய்விடும். நம் ஊரில் கிடைக்கும் ஸ்பிரிங் கன்களில் பலவற்றின் கட்டை, இரும்புக் குறிக்கென்று தாழ்வாகச் செதுக்கப்பட்டது. அதன்மேல் உயரமான மவுண்டை (ஸ்கோப்பைத் துப்பாக்கியின் மேல்புறத் தண்டவாளத்தில் பூட்டும் பிடியை)ப் போட்டால் கன்னம் படாமல் தாடைதான் படும், கண் மிதந்துகொண்டே இருக்கும். மச்சான் பழைய ரெக்சின் துண்டுக்குள் ஸ்பாஞ்சை மடித்துக் கட்டிக் கட்டையை ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயர்த்திய பிறகு, இரண்டாவது ஸ்கோப்பின்மீது எனக்கு இருந்த குறைகளில் பாதி போய்விட்டது.

குறுக்கிழைக்கு வருகிறேன். அதைச் சோதிப்பதற்கு முன், கண் வைக்கும் முனையின் வளையத்தைத் திருகி இழையை நம் பார்வைக்குக் கூர்மையாக்க வேண்டும். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ நோக்கி, இரண்டு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே திருகினால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். இதைச் செய்யாமலே "இழை மங்கல்" என்று ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாசி மாதத்து மாலை. சூரியன் ஆனைமலைப் பக்கம் இறங்கும்போது முதலில் மேற்கு நோக்கிச் சுட்டுப் பார்த்தோம் (சூரியனை நேராக ஸ்கோப்பில் பார்த்துவிடக் கூடாது, பார்வையே போய்விடும்). சாய்ந்த வெயில் முன்கண்ணாடியில் பட்டவுடன், 4×32-இன் படம் முழுவதும் மோர் தெளித்ததுபோல் வெளுத்து, கறுப்பாக இருந்த இழை சாம்பல் நிறமானது. குழாயின் உட்புறம் பளபளப்பு போகக் கறுப்படிக்கப்படவில்லை என்பதன் அடையாளம் இது. சொட்டுநீர்க் குழாய்க்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. துண்டில் நாலு விரற்கடை அளவு வெட்டி, உள்ளே மங்கல் கறுப்புப் பெயின்ட் அடித்து முன்னால் மாட்டியபோது பாதி சரியானது. மற்ற இரண்டிலும் இவ்வளவு வெளுப்பு இல்லை.

ஆறு மணிக்குமேல், நிழலில் தொங்கிய மட்டையைக் குறிவைத்தோம். பழுப்பு மட்டையின்மீது முதலில் காணாமல் போனது, விலை கூடிய மூன்றாவது ஸ்கோப்பின் இழைதான். முதல் குவியத் தளத்தில் இருக்கும் குறுக்கிழை உருப்பெருக்கத்தோடு சேர்ந்து பெரிதாகும், சேர்ந்து சிறுக்கவும் செய்யும். அதன் நடுக்கோடு 0.06 மில் (ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. அளவுக்கான கோணம்) என்று குறிப்பேட்டில் இருந்தது; 16-இல் அது நம் கண்ணுக்கு மூன்று கோணக் கலைக்கு (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) மேல் தடிமனாகத் தெரியும், 4-இல் ஒரு கலைக்கும் குறைவு. இயல்பான கண் பிரித்தறியும் எல்லையே ஏறத்தாழ ஒரு கலைதான் என்பதால், வெண்தாளில் தெரிந்த அந்த இழை பழுப்பு மட்டையில் கரைந்துபோனதில் வியப்பில்லை. 10-க்கு உயர்த்தினால் இழை மீண்டது, ஆனால் ஒளிக்கற்றை 4.4 மி.மீ. ஆகச் சுருங்கியதால் கண்ணின் தாராளம் போனது. இழை வேண்டுமென்றால் தாராளம் இல்லை, தாராளம் வேண்டுமென்றால் இழை இல்லை என்ற இந்த இழுபறி, 25 மீட்டருக்குள் சுடுபவருக்குத் தேவையில்லாத தலைவலி.

இரண்டாவதில் இழை கண் முனைப் பக்கத்து இரண்டாம் குவியத் தளத்தில் இருப்பதால் எந்த உருப்பெருக்கத்திலும் அதே தடிமன்தான். 5-இல் வைத்திருந்தபோது ஆறேகால் வரை நடுப்புள்ளி தெரிந்தது. பிறகு விளக்கைப் போட்டோம். முதல் படியில் சிவப்பு மெல்லிதாக, போதுமானதாக இருந்தது. மூன்றாம் படிக்கு மேல் குழாய்க்குள் சிவப்பு மூட்டம் பரவி மட்டையே தெரியாமல் போனது. ஐந்து படி, பத்து படி என்று விளம்பரத்தில் எண்ணிக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், கடையில் கேட்க வேண்டியது மிகக் குறைந்த படி எவ்வளவு மங்கலாக எரிகிறது என்பதைத்தான்; கடையின் இருட்டு மூலையிலோ சட்டைக்குள் விட்டோ அதைப் பார்த்துவிடலாம். பச்சை விளக்கு தென்னந்தோப்புக்கு உதவாது. ஓலையின் நிறத்தோடு கலந்துவிடுகிறது.

கடைசிவரை தாக்குப்பிடித்தது 4×32. ஆறரை மணிக்கும் அதன் நான்கு தடித்த ஓரக்கம்பிகள் தெரிந்தன. நடுவில் மெலிந்த இழை தெரியாவிட்டாலும், நான்கு கம்பிகளுக்கு நடுவே மட்டையை நிறுத்திச் சுட முடிந்தது. ஆனால் அதற்கு வேறொரு கேடு உண்டு. ஏ.ஓ. இல்லாத இத்தகைய ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு அமைக்கப்பட்டவை; அந்தத் தூரத்தில்தான் கண் விலகினாலும் இழை குறியின்மீது அசையாமல் நிற்கும். 20 மீட்டரில் கண் மையத்திலிருந்து விலகினால், 25 மி.மீ. பயன்கண்ணாடிக்குக் குறி அதிகபட்சம் 10 மி.மீ. வரை தள்ளிப் போகலாம். பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ.தான். தாராளமான கண்ணிடம் இங்கே எதிரியாகிவிடுகிறது: நிழல் வராததால் கண் விலகியிருப்பதே நமக்குத் தெரியாது. (32 மி.மீ. முழுதும் வேலை செய்திருந்தால் பிழை பன்னிரண்டரை மி.மீ. ஆகியிருக்கும், உள்ளே இருந்த தடுப்பு அந்த வகையில் ஒரு நன்மையும் செய்திருக்கிறது.) இரண்டாவதில் ஏ.ஓ. வளையத்தை 20 மீட்டருக்குத் திருகியதும், தலையை ஆட்டினாலும் இழை அட்டையில் அசையவில்லை. வாங்கும்போது அந்த வளையம் 10 கெஜம் வரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 25 கெஜத்தோடு நின்றுவிடுபவையும் விற்கின்றன.

ஸ்பிரிங் கன்னும் தோப்பும் 25 மீட்டரும் என்றால், என் தேர்வு இரண்டாவதுதான், 9 என்ற எண்ணை மறந்து 4-க்கும் 6-க்கும் இடையே வைத்துக்கொள்வதாக இருந்தால். பி.சி.பி., மேசை, மணல்பை, பகல் வெளிச்சம், 40 மீட்டருக்கு மேல் என்பவருக்கு மூன்றாவது நியாயமான செலவு. வேறெவருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். முதலாவது, கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் போதும், அதிலும் 30 அல்லது 35 கெஜத்துக்கு அமைத்த ஏர் கன் ரகம் கிடைத்தால்.

ஸ்பிரிங் கன் பின்னும் முன்னுமாக இரண்டு முறை உதைப்பதால், ஸ்கோப் அந்த வகைக்குத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, பின்நோக்கி நழுவாமல் தடுக்கும் ஆணியுள்ள மவுண்டையும் வாங்க வேண்டும். என்னுடையதில் ஆணி இல்லை. 200 குண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கழுத்து வலித்தபோது, ஸ்கோப்பைத்தான் முதலில் திட்டினேன். மவுண்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பை மச்சான் காட்டினார். மவுண்ட் அதன்மேல் 4 மி.மீ. ஏறி நின்றது.