"கம்பெனியோடு வீடு விற்பனைக்கு": ஃபைனல் ஃபேன்டசி 14-இல் கில்லைப் பறிகொடுக்கும் முன் படிக்க

"ஷிரோகானேவில் மீடியம் வீடு, ஃப்ரீ கம்பெனியோடு சேர்த்து 4 கோடி கில், பாதி அட்வான்ஸ்." ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டின் சாட்டிலோ டிஸ்கார்டிலோ இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். கில் என்பது அந்த விளையாட்டின் பணம், ஷிரோகானே அதில் ஒரு குடியிருப்புப் பகுதி, ஃப்ரீ கம்பெனி என்பது விளையாடுபவர்கள் சேர்ந்து நடத்தும் குழு. இதில் ஏமாறுகிறவர்கள் விளையாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. 2 கோடி கில் சேர்க்கத் தெரிந்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதலில் உங்களைக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் கூட்டிப்போய் மாடி, அடித்தளம், தோட்டம் எல்லாம் காட்டுவார்கள். வீடு உண்மையான வீடுதான், அதில் பொய் இல்லை. பிறகு அட்வான்ஸ். இருவர் பொருளும் கில்லும் கைமாற்றும் டிரேடு விண்டோவில் ஒரு தடவைக்கு 10 லட்சம் கில்தான் வைக்க முடியும். 2 கோடி என்றால் 20 தடவை. அந்த 20 தடவையும் எதிர்ப்பக்கம் காலியாகவே இருக்கும். வீட்டை அந்த விண்டோவில் வைக்க வழியே கிடையாது என்பதால் அது யாருக்கும் உறுத்துவதில்லை.

அடுத்ததுதான் கெட்டிக்காரத்தனமான கட்டம். கம்பெனியில் ரேங்குகளின் பெயரை மாஸ்டர், அதாவது கம்பெனித் தலைவர், இஷ்டத்துக்கு மாற்றலாம். விற்பவர் இரண்டாவது ரேங்குக்கு "ஓனர்" என்று பெயர் வைத்து, கிட்டத்தட்ட எல்லா உரிமைகளையும் அதற்குக் கொடுத்து, உங்களை அதில் உட்காரவைப்பார். கம்பெனியின் பொதுப் பெட்டி திறக்கும், சோபாவை நகர்த்தலாம், ஆள் சேர்க்கலாம். வீடு கைக்கு வந்துவிட்டதாக நம்பி மீதி 2 கோடியையும் கொடுத்துவிடுவீர்கள். மாஸ்டர் பதவி மட்டும் இன்னும் அவரிடமே இருக்கும். இரண்டு நாள் கழித்து லாகின் செய்தால் கம்பெனி மெனுவே காலி, உங்களை நீக்கியிருப்பார். அதே வீடு வேறு ஒருவருக்கு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கும்.

இது ஏன் முடிகிறது என்றால், இந்த விளையாட்டில் நிலத்துக்குப் பத்திரப்பதிவு மாதிரி ஒன்று கிடையாது. தனிநபர் வீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற எந்த மெனுவும் இல்லை. உரிமையாளர் விட்டுக்கொடுத்தால் மனை பொதுவுக்குப் போய், பிறகு விண்ணப்பித்தவர்களில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் லாட்டரிக்கு வரும். கொடுத்த விலையும் திரும்பாது. ஆகவே "என் தனி வீட்டை உங்களுக்கு மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம். அதிகபட்சம் அவரால் உங்களைக் குடியிருப்போர் பட்டியலில் சேர்க்க முடியும். அதில் மூன்று பேருக்கு இடம் உண்டு. எந்த நிமிஷமும் பெயரை எடுத்துவிடலாம்.

கம்பெனி வீடு கொஞ்சம் வேறு. அங்கே மனை கம்பெனியின் பெயரில் இருக்கிறது. தலைமை கைமாறினால் வீடும் கூடவே கைமாறும். அதனால் விற்பனை என்று நடப்பதெல்லாம் மாஸ்டர் பதவியின் விற்பனைதான். கொடுப்பவர் முதலில் கொடுக்கிறாரா, வாங்குபவர் முதலில் கொடுக்கிறாரா என்பதற்கு விளையாட்டு எந்தப் பாதுகாப்பும் வைக்கவில்லை. நிஜப் பணத்துக்கு வாங்குவது இதைவிட மோசம். அது விதிப்படி தடை, கணக்கே முடக்கப்படலாம். ஏமாந்தாலும் புகார் சொல்ல வாய் இருக்காது.

விலையையும் பாருங்கள். விளையாட்டின் சொந்த விலைப்படி சிறிய மனை 30 லட்சம் முதல் 37.5 லட்சம் கில், மீடியம் 1.6 முதல் 2 கோடி, பெரியது 4 முதல் 5 கோடி. கட்டட அனுமதி தனி: சிறியதற்கு 4.5 லட்சம், மீடியத்துக்கு 10 லட்சம், பெரியதற்கு 30 லட்சம். அதற்கு மேல் கேட்கிற தொகை எல்லாம் லாட்டரியில் நிற்கும் சலிப்புக்குக் கொடுக்கும் விலை. அந்தச் சலிப்பு நியாயமானதுதான். 2022 ஏப்ரலில் 6.1 பேட்ச் என்ற புதுப்பிப்போடு லாட்டரி வருவதற்கு முன்பு, மனை முன் நிற்கும் விற்பனைப் பலகையை மணிக்கணக்காகக் கிளிக் செய்துகொண்டு நின்றார்கள். லாட்டரியின் முதல் சுற்றிலோ பல மனைகளுக்கு வெற்றி எண் 0 என்று விழுந்து, பங்கெடுத்தவர் யாருக்கும் கிடைக்கவில்லை. புரோக்கர்களுக்குக் கூட்டம் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு வலை: "உனக்காக என் கேரக்டரில் லாட்டரி போடுகிறேன், வைப்புத்தொகையை மட்டும் கொடு." தனிநபர் மனையானால் இது யோக்கியமான ஆளிடம்கூடப் பயனில்லை. ஜெயித்த கேரக்டருக்குத்தான் வீடு, அதை உங்களுக்கு மாற்ற முடியாது. தோற்றால் தொகை போட்டவர் கைக்கே திரும்பும், உங்கள் கைக்கு அல்ல. தனிநபர் மனைக்கு நீங்களே லாட்டரி போடத் தேவையானவை இவைதான்: கேரக்டரின் தொழில்களில் (ஜாப்) ஏதாவது ஒன்று 50-ஆம் லெவல், கிராண்ட் கம்பெனி என்ற விளையாட்டின் படையில் (ஃப்ரீ கம்பெனி வேறு) செகண்ட் லெப்டினன்ட் பதவி, முழு விலையும் கையில். இதற்கு எதற்கு இடைத்தரகர்?

அப்படியும் கம்பெனி வீடு வாங்கியே தீருவேன் என்பவர்கள், முதலில் விளையாட்டின் அதிகாரப்பூர்வத் தளமான லோட்ஸ்டோனில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டு விவரம் என்ற இடத்தில் மனை எண், வார்டு, பகுதி, அளவு இருக்கும். விற்பவர் காட்டிய வீட்டின் முன்னால் போய்ப் பலகையைப் படித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். நண்பன் வீட்டைத் தன் கம்பெனி வீடு என்று காட்டுகிறவர்கள் இதிலேயே மாட்டிக்கொள்வார்கள். அட்வான்ஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். விற்பவருக்கும் பயம் இருக்கும்தான். அவர் பதவியைக் கொடுத்தபின் நீங்கள் ஓடலாமே. அதற்கு இரு பக்கமும் அறிந்த, நல்ல பெயர் உள்ள மூன்றாம் ஆள் ஒருவர் கில்லைப் பிடித்துவைப்பதுதான் வழி. விற்பவரே கொண்டுவரும் "பொது ஆள்" அவருடைய இன்னொரு கேரக்டராக இருக்கலாம், ஜாக்கிரதை.

பதவி வந்ததா என்று பார்க்க ரேங்கின் பெயரை நம்பாதீர்கள். உறுப்பினர் பட்டியலில் முதல் வரிசை ரேங்கில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற ரேங்குகளின் உரிமைகளை உங்களால் மாற்ற முடிகிறதா என்று சோதியுங்கள். பழைய உரிமையாளரை நீக்கும் தேர்வு உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் இன்னும் வாடகைக்கு இருப்பவர்தான்.

ஏமாற்றுக்காரன் யாரும் இல்லாமலே கில் போகும் இடங்களும் உண்டு. லாட்டரியில் 5 நாள் பதிவு, 4 நாள் முடிவு. ஜெயித்தும் அந்த 4 நாளுக்குள் பலகைக்குப் போய் வாங்கி முடிக்காவிட்டால் மனை போய்விடும், கட்டிய தொகையில் பாதிதான் திரும்பும். தோற்றவர் 90 நாளுக்குள் போய்த் தொகையை எடுக்க வேண்டும். தானாக வராது. வாங்கிய வீட்டுக்குள் 45 நாள் நுழையாமல் இருந்தால் அது இடிக்கப்படும். தோட்டத்தில் நின்றால் கணக்கில் வராது, கதவுக்குள் போக வேண்டும். தனி வீட்டுக்கு உரிமையாளரே நுழைய வேண்டும், கம்பெனி வீட்டுக்கு உறுப்பினர் ஒருவர் போதும். இடிந்தபின் 35 நாளுக்குள் கேட்டால் நிலவிலையில் 80 சதவீதம் வரையும் சில சாமான்களும் கிடைக்கும். 2024 ஜனவரியில் ஜப்பானின் நோட்டோ நிலநடுக்கத்தின்போது இந்த 45 நாள் கணக்கை நிறுத்திவைத்தார்கள். உங்கள் வெளியூர்ப் பயணத்துக்கு நிறுத்தமாட்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு: மீதிக் கில்லைக் கொடுக்காதீர்கள். பேச்சுவார்த்தை முழுவதையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சப்போர்ட் டெஸ்க் மெனு வழியாக ஜிஎம்மிடம் (விளையாட்டு நிறுவனத்தின் கண்காணிப்பாளர்) புகார் செய்யுங்கள். ஆனால் நீங்களாகக் கையால் கொடுத்த கில் திரும்பும் என்று நம்பி உட்கார வேண்டாம். பதவி உண்மையிலேயே வந்துவிட்டவர்கள், வீட்டை அலங்கரிக்கும் முன் பழைய ஆளை நீக்குங்கள். பிறகு மற்ற ரேங்குகளில் நிலத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை, கட்டடத்தை இடிக்கும் உரிமை, சாமான்களை எடுக்கும் உரிமை எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிட்டு, பெட்டியைப் "பார்க்க மட்டும்" என்று வையுங்கள்.