வெள்ளத்தில் நனைந்த ஃப்ரிட்ஜுக்கு ‘கேஸ்’ ஏற்ற வருகிறவர்கள்: கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு

வெள்ளம் வடிந்த கையோடு ஃப்ரிட்ஜ் பார்க்க வருகிறவர் "கேஸ் போயிடுச்சு" (குளிர வைக்கும் வாயு தீர்ந்துவிட்டது) என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் எங்கள் வீட்டில் காசு பறித்தார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. காற்றால் எங்கள் தெருவுக்குப் பெரிய சேதமில்லை. அப்புறம் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி உள்ளே வந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்து சுவரோரம் சாய்ந்து கிடந்தது. வாஷிங் மெஷின் நின்ற இடத்திலேயே முழுகியது. தண்ணீர் இறங்கியபோது எல்லாவற்றின் மேலும் வண்டல்.

அந்த வாரம் கடலூரில் மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் கணவர் போனில் கம்பெனி பெயரைப் போட்டு ‘கஸ்டமர் கேர் கடலூர்’ என்று தேடினார். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டார். மறுநாளே கம்பெனி பெயர் பொறித்த டீ-ஷர்ட்டோடு ஒருவர் வந்து நின்றார். வந்தவர் மண்ணைக் கழுவவில்லை, ஈரம் பார்க்கவில்லை, நேராக ப்ளக்கைச் சொருகினார். வேலை தெரிந்த யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். ஷாக் அடிக்கும், தப்பிய பாகமும் எரியும்.

"கம்ப்ரஸருக்குள்ள தண்ணி பூந்துடுச்சுக்கா. கேஸ் மொத்தமும் அவுட்."

பின்பக்கம் உட்கார்ந்து ஏதோ செய்தார். நடுவில் என்னை ஒரு பழைய துணி கேட்டு உள்ளே அனுப்பினார், மாமியாரை வெந்நீர் கேட்டு அனுப்பினார். ஃப்ரிட்ஜ் ஓடியது. கேஸுக்கு 3,200 ரூபாய், ரிலேவுக்கு (கம்ப்ரஸரை ஓடத் தொடங்க வைக்கும் சின்ன மின் பாகம்) 1,300. வெள்ளைத்தாளில் பில், ஜி.எஸ்.டி. எண் கிடையாது. வாஷிங் மெஷினை இயக்கும் மின்னணு போர்டைக் கழற்றி "மெஷின்ல வச்சுக் காய வைக்கணும்" என்று எடுத்துக்கொண்டார், அட்வான்ஸ் 2,000. அதோடு சரி. முதலில் போன் எடுக்கவில்லை, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் வேலை குறைந்ததும் வந்தார். ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, டார்ச் அடித்து, கம்ப்ரஸர் பக்கத்தில் மூடிய முனையோடு நிற்கும் ஒரு சின்ன செம்புக் குழாயைக் காட்டினார். கேஸ் ஏற்றுவது அதன் வழியாகத்தான். ஏற்ற வேண்டுமென்றால் அந்த முனையை வெட்டியாக வேண்டும். வெட்டிய இடத்தில் வால்வோ புதுப் பற்றவைப்போ தெரியும். எங்களுடையதில் தொழிற்சாலையில் நசுக்கி அடைத்த முனை அப்படியே இருந்தது, அதன் மேல் வெள்ளத்து வண்டலும் காய்ந்து ஒட்டியிருந்தது. "இதைத் தொடவே இல்லம்மா" என்றார். கம்ப்ரஸர் முழுதாக மூடிப் பற்றவைத்த உருண்டை. குழாய் உடையாதவரை வெளித் தண்ணீர் உள்ளே போகாது, உள்ளே இருக்கும் கேஸும் வெளியே வராது. வெள்ளத்தில் கெடுவது அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே, சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் ஓவர்லோட், இன்வர்ட்டர் மாடலாக இருந்தால் போர்டு. எங்களுக்குப் போட்ட ‘புது’ ரிலேவின் இடுக்கிலும் சேறு. எங்கள் ரிலேவையே துடைத்து மாட்டியிருக்கிறார்.

வாஷிங் மெஷின் போர்டு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல மெஷின்களில் போர்டின் மேல் பசை மாதிரி ஊற்றி மூடியிருப்பார்கள். முழுகினாலும் நல்ல தண்ணீரில் அலசி, இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டாம். எங்களுடையது பிழைத்திருக்குமா என்று பார்க்கக்கூட வழியில்லை. யாராவது போர்டை எடுத்துப் போவதாகச் சொன்னால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு படம் எடுத்து, அந்த எண்ணை பில்லில் எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கையோடு கேட்டு வாங்குங்கள். கம்பெனி எண் வேண்டுமென்றால் வாரண்டி அட்டையில் இருக்கும், இணையத் தேடலில் மேலே வருவதை நம்ப வேண்டாம்.

வாரண்டி அட்டையில் இருந்த எண்ணில் பேசியபோது, அப்படி ஓர் ஆளை அனுப்பவே இல்லை என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். ஜிபேயில் பணம் போனவர்கள் சைபர் மோசடிக்கான 1930-க்கு உடனே பேசுவது நல்லது. தாமதித்தால் பணம் கைமாறிவிடும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருவிலும் இதே ஆள் வேறொரு கம்பெனி டீ-ஷர்ட்டில் வந்து, அங்கேயும் போர்டைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். இப்படி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் பில்லின் படத்தை அனுப்புங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துவிடுகிறோம்.