ஒரு பஸ்ஸா, நாலு வானா?

போன ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் திருகோணமலைச் சாரணர் குழுவைப் பெற்றோரின் நாலு வான்களில் குச்சவெளிப் பக்கம் பாசறைக்குக் கூட்டிப்போனோம். அதற்கு முந்தின வருடம் அதே இடத்துக்கு ஒரு தனியார் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தோம். இரண்டு முறையும் 26 பிள்ளைகள், நாலு அணி, மூன்று நாள், ஏறக்குறைய அதே சாமான். இந்த வருடப் பாசறைக்குப் பிற குழுக்களில் இருந்து "எது நல்லது சேர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் வான் கட்சி. காசும் சொகுசும் பார்த்து அந்தப் பக்கம் சாயவில்லை. கூடாரம் காயப்போட இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அது என்ன கணக்கு என்பதற்கு முன் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பஸ்ஸில் பாட்டும் தாளமும் உண்டு, தலையை ஒரே தரம் எண்ணினால் போதும், பேசுவதற்கு ஒரே ஒரு பஸ்காரர். வான் என்றால் நாலு அப்பாமார், அவர்களுக்குப் பின்னால் நாலு அம்மாமார். மூன்றாவது வழியாகப் புல்மோட்டை ஓடுகிற லைன் பஸ்ஸும் இருக்கிறது. ஓர் அணி முதுகுப்பையோடு நடைப்பயணம் போகிறதென்றால் அதுவே போதும். இரண்டு கிடாரம், அலவாங்கு, மண்வெட்டி, ஏழு கூடாரம், 26 பிள்ளைகள் என்று தரிப்பிடத்தில் நின்றால் நடத்துநர் உங்களைப் பார்க்கிற பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

காசு விஷயத்தில் பலர் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும், மூன்றாம் நாள் வெறுமனே போய் ஏற்றிவரும். ஆக நாலு ஓட்டம். எங்கள் இடம் பட்டணத்தில் இருந்து 35 கிலோமீற்றர் என்று வையுங்கள், ஒரு வானுக்கு 140 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்து ஓடினால் 14 லீற்றர், நாலு வானுக்கும் 56. பஸ்காரரும் இதே நாலு ஓட்டத்தைத்தான் கணக்குப் போட்டு வாடகை சொல்கிறார். நின்று ஏற்றிவருவதென்றால் காத்திருப்புக்குத் தனியாகக் கேட்பார். எங்கள் எண்ணிக்கைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. (2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்த புதிதில் காருக்கும் வானுக்கும் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த வருடம் பாசறை என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.)

சரி, கூடாரத்துக்கு வருகிறேன்.

பஸ் பிடித்த அந்த வருடம். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குப் பாடசாலை வாசலில் பஸ் வந்து நின்றது. பெற்றோர் மோட்டார் சைக்கிள்களோடு காத்து நிற்கிறார்கள். பிள்ளைகள் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குக் களைப்பு. பஸ்காரருக்கு இரவு இன்னொரு ஹயர். பத்து நிமிடத்தில் எல்லாச் சாமானும் விறாந்தையில் குவிந்துவிட்டது. கூடாரங்களின் அடித்துணியில் மண்ணும் விடியற்காலைப் பனியின் ஈரமும் அப்படியே இருந்தன. "சேர், டென்ட்டை எங்க வைக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். காவலாளியிடம் சாவி வாங்கிக் களஞ்சிய அறையைத் திறந்து, "இப்போதைக்கு உள்ளே வை, நாளைக்கு வந்து காயப்போடுவம்" என்றேன்.

நாளைக்கு யார் வருவது? விடுமுறை. நான் மட்டக்களப்புக்குப் போய்விட்டேன். பாடசாலை தொடங்கிய பிறகு சோதனை, விளையாட்டு, அது இது. ஒக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. நவம்பரில் சாரணர் சின்னத்துக்கான சோதனை ஒன்றுக்காக அறையைத் திறந்தபோது முதலில் வந்தது மணம்தான், பழைய எண்ணெய்ச் சீலையைப் போல. கூடாரத்தை விரித்தால் துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. உட்பக்கத்து நீர்காப்புப் பூச்சு பிசுபிசுத்து, கை வைத்த இடத்தில் தோலாக உரிந்து விரலில் ஒட்டியது. சிப்பின் தலை வெள்ளைப் பூத்து இறுகிக் கிடந்தது. ஏழில் நாலு போய்விட்டது. வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை.

இதில் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் குவிமாடக் கூடாரங்கள் பொலியெஸ்டர் துணி. உட்பக்கத்தில் பொலியூரித்தேன் என்ற மெல்லிய பூச்சு. ஈரமும் வெக்கையும் சேர்ந்து அடைபட்டால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும். கடற்கரையில் போட்ட கூடாரத்தில் உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கிறது, ஆகவே மேலோட்டமாகக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் மடித்து வைத்த பிறகு மறுபடி ஈரமாகிறது. நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயப்போட்டால்தான் சரி. ஆகஸ்ட் வெயிலில் விரித்துப் போட்டால் துணி வேறு வகையில் நைந்துபோகும். கழுவவும் காயப்போடவும் முற்றம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கொடி வேண்டும், இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலையில் இந்த நாலும் கிடையாது. பஸ்ஸோ எல்லாவற்றையும் கொண்டுவந்து அங்கேதான் இறக்கும்.

வான்களை யோசித்தது இதற்காகத்தான். 2024 பெப்ரவரியில் தேசிய ஜம்போரி எங்கள் ஊரிலேயே நடந்தபோது, வெளி மாவட்டக் குழு ஒன்று அணிக்கு ஒரு மரப்பெட்டி வைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். மூடியின் உட்பக்கத்தில் உள்ளே என்ன என்ன, எத்தனை என்று பெயின்டில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து நாங்களும் செய்தோம். அணிக்கு ஒரு வான், வானுக்கு ஒரு பெட்டி, அந்த அணியின் கூடாரம் அந்த வானில். வரும்போது வான் பாடசாலைக்கு வராது. அணியில் ஒருவனுடைய வீட்டுக்குப் போகும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "காயப்போடும் வீடு".

அந்த வீடு வான்காரர் வீடாக இருக்க வேண்டியதில்லை. முற்றமும் நல்ல தண்ணீரும்தான் தகுதி. ஓர் அணி உப்புவெளியில் பெரிய முற்றத்தோடு ஒரு வீட்டைப் பிடித்து வந்தது, ஆனால் கிணறு உவர். உப்பை உவர்த் தண்ணீரால் கழுவி என்ன பயன்? குழாய்த் தண்ணீர் உள்ள வீடு ஒன்றைத் தேடச் சொன்னேன். இன்னோர் அணியின் கூடாரம் போன வீட்டில் ஓர் அம்மம்மா. திங்கட்கிழமை பார்க்கப் போனால், பழைய பல்துலக்கும் பிரஷால் சிப் முழுக்கத் தேய்த்து மண்ணை எடுத்து, மெழுகுதிரித் துண்டை அதன் மேல் இழுத்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடப் பைக்குச் செய்யிறதுதானே தம்பி" என்றார். எனக்கு இது தெரியாது. அந்த சிப் இன்று வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

பாடசாலை தொடங்கிய முதல் கிழமையில் நாலு பெட்டியும் வந்தன. மூடியைத் திறந்து எண்ணினோம். இரும்பு முளை மூன்று குறைவு, ஒரு அகப்பை இன்னோர் அணியின் பெட்டியில் இருந்தது. கூடாரம் எல்லாமே முழுசு. பஸ் வருடத்தில் என்ன குறைந்தது என்பதே நவம்பரில்தான் தெரிந்தது, அதுவும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல்.

வானுக்கும் குறை உண்டு. முதல் நாளே பட்டோம். சமையல் சாமான் முழுவதையும் ஒரு வானில் ஏற்றியிருந்தோம். அந்த வானுக்கு இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி ரயர் போய்விட்டது, மாற்று ரயரிலும் காற்றில்லை. பாசறைத் திடலில் அரிசி இருக்கிறது, விறகு இருக்கிறது, கிடாரமும் திருவலையும் 15 கிலோமீற்றருக்கு அப்பால். பதினொரு மணிக்குப் பிள்ளைகள் மாரி பிஸ்கட்டைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துக்கொண்டிருந்தார்கள். பொதுச் சாமானை எந்த அணியின் வானிலும் ஏற்றக்கூடாது என்று அன்று முடிவெடுத்தோம். அடுத்த தடவை கிடாரம், தறப்பாள், அரிக்கன் லாம்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் ஒரு பட்டா வண்டியில் (சின்ன லொறி) இரண்டு மணி நேரம் முந்திப் போகும். அதன் வாடகையைச் சேர்த்தால் வான் வழி பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும், அதை மறைக்கவில்லை.

இன்னொன்று எரிபொருள் காசு. வான்காரர் இரண்டு பேர் "நம்ம பிள்ளையளுக்குத்தானே, காசு வேண்டாம் சேர்" என்று மறுத்துவிட்டார்கள். நல்ல மனம்தான். ஆனால் அதில் ஒருவர் ஞாயிறு மூன்று மணிக்கு வர வேண்டியவர் ஐந்தரைக்கு வந்தார், எனக்கு வாய் திறக்க முடியவில்லை. இனாமாக வந்தவரிடம் நேரத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? இந்த முறை எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே தொகை வாங்கி, வான்காரர் கையில் எரிபொருள் காசைக் கட்டாயம் வைக்கப்போகிறோம். வான் உள்ள வீட்டுப் பிள்ளையும் அதே தொகையைக் கட்ட வேண்டும். வீட்டில் மோட்டார் சைக்கிள் மட்டும் உள்ள பிள்ளை, "அவன்ட அப்பாட வான்" என்று கூச்சப்படாமல் ஏறுவதற்கும் அதுதான் வழி.

பாதுகாப்பில் நான் பெரிய அனுபவசாலி இல்லை. ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றின் பிரதியையும் முன்கூட்டியே வாங்கி அதிபரிடம் கொடுத்தோம். ஒவ்வொரு வானிலும் ஓட்டுகிறவரோடு இன்னொரு பெரியவர் இருந்தார், எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியே போகவில்லை. உலகச் சாரணர் அமைப்பின் சிறுவர் பாதுகாப்புக் கொள்கையும் இதே வழியைத்தான் சொல்கிறது. பெற்றோரின் வானில் மற்றவர் பிள்ளைகளை ஏற்றுவதைக் காப்புறுதிக்காரர் எப்படிப் பார்ப்பார் என்ற கேள்வி எங்களுக்கு எழாமலே போனது நல்லகாலம். நீங்கள் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தூரம் கூடினாலும் ஆள் கூடினாலும் என் கட்சி மாறும். நுவரெலியாவில் பெட்ரோ சாரணர் பாசறைத் திடலுக்குப் போவதென்றால் மலைப்பாதையில் நாலு அப்பாமாரை ஓட்டவிட மாட்டேன், அனுபவமுள்ள பஸ்காரர்தான். ஹபரணை வீதியில் இரவில் யானை நிற்கும், அங்கேயும் அப்படித்தான். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் என்றால் ஆறேழு வானைக் கட்டி மேய்க்க என்னால் முடியுமா என்பது சந்தேகம். அப்படியான இடத்தில் பஸ்ஸில் போய்விட்டு, திரும்பும்போது கூடாரங்களை மட்டும் பட்டாவில் ஏற்றி நாலு வீட்டுக்கு அனுப்பலாம் என்று தோன்றுகிறது. செய்து பார்க்கவில்லை.

கூடாரம் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பதும் இதோடு ஒட்டியதுதான். காயப்போட ஆள் இல்லாத குழு வாடகைக்கு எடுப்பது மேல். கிடாரம், பெரிய சட்டி எல்லாம் கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் எடுக்கலாம், அவற்றை வாங்கிக் கட்டி வைக்கத் தேவையே இல்லை. எங்களிடம் மிஞ்சிய மூன்று கூடாரத்தோடு நாங்கள் இன்னும் இரண்டுதான் வாங்கினோம். மற்றப் பிள்ளைகளுக்குத் தறப்பாளும் தடியும் தும்புக்கயிறும். கயிற்று முடிச்சுப் பழகுகிற பிள்ளைகளுக்கு அது பாடமும் ஆச்சு. தறப்பாளைக் கழுவி வேலியில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும், பழுதாகப் பூச்சும் இல்லை. கொசு வரும் என்பது உண்மை.

குச்சவெளி மணலில் இன்னொரு கதையும் உண்டு. கச்சான் காற்று அடித்தால் கடையில் தருகிற இரும்பு முளை வெண்ணெயில் குத்தினதுபோல் பிடுங்கிக்கொண்டு வரும். முதல் இரவு இரண்டு கூடாரம் சாய்ந்தது. வெறும் உரப்பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்தோம். அதன் பிறகு அசையவில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் "உரப்பை 8" என்று எழுதியிருக்கிறது.

இந்த ஆகஸ்டுக்கு மூன்று வான் உறுதியாகிவிட்டது. நாலாவது அணிக்கு ஓடிய வானை அந்த அப்பா விற்றுவிட்டார், வேறொன்று இன்னும் கிடைக்கவில்லை. அந்த அணிக்குக் காயப்போடும் வீடு மட்டும் கிடைத்திருக்கிறது. குழாய்த் தண்ணீர், இரண்டு கொடி, நாய் ஒன்று.