ஃபிலடெல்ஃபியா நேஷனல் கான்ஸ்டிட்யூஷன் சென்டர்: கையெழுத்து போடாதவனுக்கும் சிலை வெச்ச மியூசியம்

அமெரிக்கா ரெண்டா உடைஞ்சிருச்சு, முன்னாடில்லாம் இப்படி இல்லன்னு புலம்பாத ஆளே இங்க கிடையாது. எங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப்லயே 2024 எலெக்ஷனுக்கு அப்புறம் அரசியல் பேசினா தூக்கிடுவேன்னு அட்மின் சொல்லிட்டாரு. அந்தப் புலம்பல் கோஷ்டி மொத்தத்துக்கும் நான் சிபாரிசு பண்ற இடம், அமெரிக்க அரசியல் சட்டத்துக்குன்னே இருக்கற இந்த மியூசியம். ஃபிலடெல்ஃபியா வர்ற நம்மாளுங்க லிபர்ட்டி பெல் முன்னாடி ஒரு போட்டோ, ஒரு சீஸ்ஸ்டேக், அதோட கார எடுத்துடறாங்க, ஆனா அதே புல்வெளியோட அந்தக் கோடில ஆர்ச் ஸ்ட்ரீட்லதான் இது இருக்கு. பெல் பாக்க காசு கிடையாது, இங்க டிக்கெட் உண்டு, அதனாலயே பாதிப் பேர் உள்ள வர்றதில்லன்னு நினைக்கிறேன்.

முதல்ல ஃப்ரீடம் ரைசிங்னு ஒரு ஷோ, வட்டமான தியேட்டர், நடுவுல ஒரே ஒரு நடிகர் நின்னு பேசுவாரு, சுத்தி ஸ்க்ரீன்ல படம் ஓடும், 17 நிமிஷம். நல்லாத்தான் பண்றாங்க, ஆனா மியூசிக்க ஏத்தி ஏத்தி கண்ணுல தண்ணி வரவைக்கப் பாக்கற டைப், நம்மூர் ஸ்கூல்ல ஆகஸ்ட் 15 ஃபங்ஷன் பாத்த எஃபெக்ட். எனக்கு அவ்ளோவா ஒட்டல.

குடுத்த காசு வசூலாகறது சைனர்ஸ் ஹால்லதான். 1787 செப்டம்பர் 17 அன்னிக்கு அரசியல் சட்டத்துல கையெழுத்து போட்டவங்களோட வெண்கலச் சிலைங்க, ஆள் உயரத்துல, மேடை இல்ல பீடம் இல்ல, நம்ம நிக்கிற அதே தரைல நிக்கிறாங்க, நடுவுல பூந்து போகலாம். வாஷிங்டன் நெடுநெடுன்னு, மேடிசன் பாவம் அஞ்சே காலடி சொச்சம், பக்கத்துல நின்னா நாமளே அவரக் குனிஞ்சு பாப்போம். 81 வயசு ஃப்ராங்க்ளின் கைத்தடியோட உக்காந்திருக்காரு. மொத்தம் 42 சிலை, ஆனா கையெழுத்து 39 தான். ஊர்லேர்ந்து வந்திருந்த மாமா உடனே கேட்டாரு, "ஏம்ப்பா, கையெழுத்து போடாதவனுக்கு எதுக்கு சிலை?"

சரியான கேள்வி, இந்த மியூசியத்தோட உயிரே அதுலதான் இருக்கு. அந்த மூணு பேர் ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் கெர்ரி. மேசன் இதுல கையெழுத்து போடறதுக்கு வலது கைய வெட்டிப்பேன்னே சொன்னவரு. மக்களோட உரிமைகளுக்குன்னு தனியா ஒரு பட்டியல் இல்லையேங்கறது அவரோட பெரிய ஆட்சேபம். கடைசில என்னாச்சு, அந்தக் கூச்சலாலதான் 1791ல பத்து திருத்தம் சேந்துச்சு. அதுல முதல் திருத்தத்த, அதான் பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் வர்றது, 50 டன் பளிங்குல செதுக்கி இதே பில்டிங்ல மாடில நிறுத்தியிருக்காங்க. வாஷிங்டன்ல நியூசியம்னு பத்திரிகைத் துறைக்கான மியூசியம் ஒன்னு இருந்துச்சே, 2019 கடைசில மூடிட்டாங்களே, அதோட முகப்புல இருந்த கல்லு. ஹால்ல மேசனப் பாத்துட்டு அப்புறம் மேல போய் அந்தக் கல்லப் பாருங்க, அந்த வரிசைல பாத்தாதான் உறைக்கும்.

கெர்ரி கதை இன்னும் சுவாரசியம். சட்டமே வேணாம்னவரு அதே சட்டத்துக்குக் கீழ 1813ல துணை ஜனாதிபதி ஆனாரு! தோத்தா வீட்ட கொளுத்தற வேலையெல்லாம் இல்ல, ஆட்டத்துக்குள்ளயே இருந்தாரு. ஆனா அதுக்கு முந்தின வருஷம் மாசசூசெட்ஸ் கவர்னரா இருந்தப்போ தன் கட்சி ஜெயிக்கிற மாதிரி தொகுதிங்கள வளைச்சு நெளிச்சு வெட்டின ஒரு மேப்புல கையெழுத்து போட்டாரு பாருங்க, இன்னிக்கு வரைக்கும் அந்தத் தில்லுமுல்லுக்கு அவர் பேர வெச்சே ஜெர்ரிமாண்டரிங்னுதான் பேரு. போட வேண்டிய எடத்துல போடாம போடக்கூடாத எடத்துல போட்டுட்டாருன்னு மாமா ஒரே சிரிப்பு.

என்னைக் கேட்டா இன்னிக்கு இருக்கற பிளவுல பாதி அந்த மேப்புலதான் இருக்கு. கட்சிக்காக மேப் வெட்டறத ஃபெடரல் கோர்ட் விசாரிக்க முடியாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு சொல்லிடுச்சு. 2025ல டெக்சாஸ்ல ரிபப்ளிகன்ஸ் அடுத்த சென்சஸ் வரைக்கும் கூட பொறுக்காம அஞ்சு சீட் கூட வர்ற மாதிரி மேப்ப மாத்துனாங்க, உடனே கலிஃபோர்னியால டெமாக்ரட்ஸ் ப்ராப்பசிஷன் 50னு ஓட்டுக்கு விட்டு அவங்க பங்குக்கு மாத்திக்கிட்டாங்க. தொகுதி இப்படி பட்டா போட்டு கைல கிடைச்சாச்சுன்னா எதிர்க்கட்சி ஓட்டர்கிட்ட பேசவே வேண்டியதில்ல, ப்ரைமரில, அதான் வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற சொந்தக் கட்சித் தேர்தல்ல, யார் அதிகமா கத்தறாங்கங்கறதுதான் போட்டி. சண்டை அன்னிக்கும் இருந்துச்சு, 1856ல செனட்டுக்குள்ளயே, அடிமை முறைய எதிர்த்துப் பேசின செனட்டர் சம்னர கைத்தடியால அடிச்சு மண்டைய உடைச்சாங்க, அதுக்கப்புறம் வந்த சிவில் வார்ல செத்தவங்க ஆறு லட்சத்துக்கும் மேல, அதுக்கு இங்க தனி கேலரியே இருக்கு, அவசரமா தாண்டிப் போயிடாதீங்க. அப்போ ஒத்துமையா இருந்த பொற்காலம்னு நாம சொல்றது எந்த வருஷம்னு நெஜமாவே எனக்குப் புரியல.

ஒன்னு முன்னாடியே சொல்லிடறேன், ட்ரம்ப் சரியா டெமாக்ரட்ஸ் சரியான்னு இங்க தீர்ப்பு கிடைக்காது. கட்சி சார்பு இருக்கக்கூடாதுன்னு 1988ல ரீகன் கையெழுத்து போட்ட சட்டத்துலயே இருக்கு. அத எதிர்பாத்து போனா சப்புன்னுதான் இருக்கும்.

நேர்ல போக முடியாதவங்களுக்கு இவங்களோட இண்டராக்டிவ் கான்ஸ்டிட்யூஷன் நெட்ல இலவசம், எனக்கு மியூசியத்த விட இது ஒரு படி மேலயே பிடிச்சுது. ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரெதிர் கருத்து உள்ள ரெண்டு அறிஞர்கள், முதல்ல ரெண்டு பேரும் ஒத்துக்கற விஷயத்த சேந்து ஒரு கட்டுரையா எழுதணும், அப்புறம் அவங்கவங்க வாதத்த தனித்தனியா எழுதிக்கலாம். துப்பாக்கி பத்தின ரெண்டாவது திருத்தத்துல ஆரம்பிங்க, சேந்து எழுதினதே அவ்ளோ தூரம் போகுதான்னு ஆச்சரியப்படுவீங்க.

சின்னப் பசங்க சிலைங்களோட செல்ஃபி எடுத்து முடிச்சதும் கெளம்பலாம்னு நச்சரிப்பாங்க, பெரியவங்களுக்கு மூணு மணி நேரமாவது வேணும். அதே நாள்ல இண்டிபெண்டன்ஸ் ஹாலும் பாக்கறதா இருந்தா அதுக்கு நேரம் குறிச்ச டிக்கெட்ட முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை கொறச்சது ஷோவோட மியூசிக்குக்காக.